ஏரியல் திருப்ப இரண்டு பேர் வேண்டும்

டேய் மச்சான்,

ஒயரில் சுற்றும் கறுப்பு டேப்பின் வாசனை கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். வெயிலில் இளகிய ரப்பரும் பசையும் கலந்த அந்த வாசனை உன் வாசனைதான். உன் காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் இருக்கும். கோயில் திருவிழாவுக்கு வேட்டி கட்டி வந்த நாளில்கூட மடியில் ஒன்று செருகி வைத்திருந்தாய். நீ போனபிறகு தங்கச்சி உங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஜொகூரில் உங்கள் மகள் வீட்டுக்குப் போகும்போது, உன் ஸ்பானரையும் மிச்சமிருந்த அரைச் சுருளையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. இன்று காலை அதைத்தான் பிரித்தேன்.

நீ போய் ஒரு தீபாவளி கடந்துவிட்டது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன் என்றால் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி கோபம், மீதி களைப்பு.

விஷயம் இதுதான். போன வாரம் விடியற்காலையில் அடித்த சுமத்ரா காற்றில் நம் ஏரியல் கம்பம் திரும்பிக்கொண்டது. விழவில்லை. டிவி கோபுரம் இருக்கும் லேடாங் மலையைப் பார்த்து நின்றது, இப்போது கடலைப் பார்த்து நிற்கிறது. டிவியில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது, பிறகு அப்படியே உறைந்தது, கடைசியில் சிக்னல் இல்லை என்று எழுத்து மட்டும் வந்தது. எனக்கென்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஹாலில் கட்டிலோடு கிடக்கும் என் கமலாவுக்காக விட முடியவில்லை.

அவளுக்கு வாதம் வந்து வலது கையும் பேச்சும் போனதை நீ பார்த்தாய். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நீ இல்லை. டிவியில் தமிழ்ச் செய்தி ஓடினால்தான் அவள் வாயைத் திறப்பாள். செய்தி முடிவதற்குள் ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போய்விடும். செய்திக்கும் கஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. படம் போன நாளிலிருந்து உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். கெஞ்சினாலும் சரி, அதட்டினாலும் சரி, இடது கையால் கரண்டியைத் தட்டிவிடுகிறாள். கிளினிக்கிலிருந்து வரும் தாதி நேற்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தது, என்னை வாசலுக்குக் கூப்பிட்டது. "அங்கிள், இப்படியே சாப்பிடாம இருந்தாங்கன்னா மூக்குல டியூப் விட்டுத்தான் பால் கொடுக்கணும். ரெடியா இருங்க" என்றது. நான் தலையை ஆட்டினேன். அந்தப் பிள்ளை போனபிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மகன் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, அதே செய்தி கைப்பேசியிலேயே வருமே அப்பா என்றான். போட்டுக் காட்டினேன். அவள் போனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஏரியல்காரனையும் கூப்பிட்டேன். காற்று சுங்கை ரம்பாய் ஊர் முழுக்க ஏரியல்களை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறது, அடுத்த வாரம்தான் வர முடியும் என்றான். அடுத்த வாரம் என்றால் டியூப் வந்துவிடும். சரி, நாமே பார்ப்போம் என்று நினைத்தேன். நாமே என்று நினைத்தபிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

இந்தக் கம்பம் நட்டது தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த புதிதில். ஒட்டிக்கட்டிய நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பம் போதும் என்று நீதான் சொன்னாய். தரையிலிருந்து பின்சுவரை ஒட்டிக் கூரைக்கு மேலே போகும் இரும்புக் குழாய். நட்டைத் தளர்த்தினால் கீழே நின்றபடியே திருப்பலாம். மேலே ஒரு ஏரியல் லேடாங் மலைக்கு, இன்னொன்று தெற்கே சிங்கப்பூருக்கு. வானம் மனசு வைத்தால் சிங்கப்பூர்த் தமிழ் நிகழ்ச்சி வரும். வைக்காவிட்டால் வறுகடலைச் சட்டி மாதிரி இரைச்சல் மட்டும் வரும். "இன்னொரு குழாய் ஏத்துனோம்னா சிங்கப்பூர்க்காரன் தாளிக்கிற வாசனையும் சேர்ந்து வரும் லா" என்பாய். அப்படியே இன்னொரு குழாயும் ஏற்றினாய். வாசனை வரவில்லை, இடிக்குப் பயந்து மழை நாளெல்லாம் டிவி ஒயரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நமக்குள் வேலைப் பிரிவினை அப்போதே ஆகிவிட்டது. குழாய் உன் கையில். நான் அடுப்படிச் சன்னலில். கமலா டிவிக்கு முன்னால். அவள் சொல்வதை நான் கத்த வேண்டும், நான் கத்துவதற்கு நீ திருப்ப வேண்டும். நம் இரண்டு பேருக்கும் சீக்கிரம் திருப்தி வந்துவிடும். அவளுக்கு வராது. ஒரு தடவை நீ ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் வைத்தபிறகு, "செய்தி வாசிக்கிற பொம்பளைக்கு மூக்கு ரெண்டா தெரியுது. ஒண்ணாக்கச் சொல்லுங்க" என்றாள். நீ என்னைத் திட்டினாய், ஏரியலைத் திட்டினாய், மலையைக்கூடத் திட்டினாய். அவளை மட்டும் ஒன்றும் சொல்லாமல் மறுபடி நட்டைத் தளர்த்தினாய்.

டிஜிட்டல் வந்தபோது நாம் போட்ட சண்டைதான் பெரிய சண்டை. புதுப் பெட்டியை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை. பழைய டிவியில் குழாயைத் திருப்பத் திருப்பப் படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். அந்தப் பழக்கத்தில் நீ நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே இருந்தாய். இந்தப் பெட்டி அப்படி இல்லை. சரியான திசை வந்தபிறகும் சற்று யோசித்துவிட்டுத்தான் படத்தைக் காட்டும். அது காட்டுவதற்குள் உன் கை அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். வந்துவிட்டது என்று நான் கத்துவேன், நீ நிறுத்துவாய், படம் போயிருக்கும். நான் வேண்டுமென்றே விளையாடுகிறேன் என்றாய். உன் கையில் எறும்பு ஊறுகிறதா என்றேன். வெயில் ஏறியது, சாப்பாடு ஆறியது, பக்கத்து மலாய்க்காரப் பெரியவர் வேலிக்கு வந்து வேடிக்கை பார்த்தார். கடைசியில் கமலா ஈரக்கையோடு பின்வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, கொஞ்சூண்டு திருப்பிட்டுச் சும்மா நில்லுங்க. பொட்டி மூச்சு வாங்க வேணாமா?"

நின்றாய். வந்தது. நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போய்ச் சாப்பிட்டோம்.

இன்று நான் தனியாக இறங்கினேன். முதலில் ஒயர் சேருமிடத்தைப் பிரித்தேன். உள்ளே தண்ணீர் இறங்கிச் செம்புக் கம்பி கறுத்துப் போயிருந்தது. கறுத்ததை வெட்டிவிட்டுப் புதிதாக மூட்டி, நீ செய்கிற மாதிரியே கீழிருந்து மேலாக டேப்பைச் சுற்றினேன். மேலிருந்து சுற்றினால் மடிப்பு மழையை உள்ளே வாங்கும் என்பாயே. அதுவரைக்கும் சரி. அதன்பிறகு ஏரியலைத் திருப்ப வேண்டும், திருப்பினால் படம் வந்ததா என்று பார்க்க வேண்டும். கம்பம் வெளியே, டிவி உள்ளே. கொஞ்சம் திருப்பிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, அடுப்படியைத் தாண்டி ஹாலுக்குப் போனால் படம் இல்லை. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. உன் வீட்டில் இப்போது குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நீ அந்த மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஒரு சத்தம் போதும், பனியனோடு வந்து நிற்பாய்.

செய்தி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. துணி ஊறவைக்கும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு முன்னால் போய்ச்சேர அப்படி என்னடா அவசரம்? மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று எத்தனை தடவை சொன்னேன்? அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கேலி பண்ண நீ வரப்போவதில்லையே.

அப்புறம் எழுந்து குழாயை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பழக்கதோஷம், சன்னலைப் பார்த்து எப்படி இருக்கு என்று கத்திவிட்டேன். கத்தியபிறகுதான் யாரைக் கேட்கிறோம் என்று உறைத்தது.

உள்ளே டங்கென்று ஒரு சத்தம். கட்டிலின் இரும்புக் கம்பியில் அடிக்கும் சத்தம். தண்ணீர் கேட்கிறாள்போல என்று உள்ளே போனேன். டிவியில் சிக்னல் இல்லை என்ற அதே எழுத்துதான். கிளாஸை நீட்டினேன், அவள் தள்ளிவிட்டாள். இடது கையை நீட்டி அடுப்படிப் பக்கம் காட்டினாள். போ என்று விரலை ஆட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பி டிவியைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அது புரியவே சற்று நேரம் ஆனது. அவள் பார்த்துக்கொள்வாளாம், நான் போய்த் திருப்ப வேண்டுமாம்.

போனேன். கொஞ்சம் திருப்பினேன், நின்றேன், எப்படி இருக்கு என்றேன். சத்தம் இல்லை. திருப்பினேன், நின்றேன், கேட்டேன். சத்தம் இல்லை. என் குரல் எனக்கே கிழவன் குரலாகக் கேட்டது. இன்னும் ஒரு தடவை திருப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். டங், டங், டங் என்று கட்டில் கம்பி அதிர்ந்தது. அவள் நிறுத்தவே இல்லை.

உள்ளே ஓடினேன். செய்தி வாசிக்கும் பெண் பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள். கமலாவின் கன்னம் நனைந்திருந்தது. கஞ்சியை எடுத்து வந்தேன். கரண்டி கிட்டே வருவதற்கு முன்பே வாயைத் திறந்தாள். அரைக் கிண்ணம்தான் இறங்கியது. அரைக் கிண்ணம் இறங்கியது மச்சான்.

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தளர்ந்து கிடந்த நட்டை இறுக்கப் பின்பக்கம் போனேன். இத்தனை வருஷமும் படம் தெளிவாக வந்ததும் சன்னலில் இருந்து குரல் கொடுப்பது என் வேலை, ஸ்பானர் பிடிப்பது உன் வேலை. இன்று ஸ்பானர் என் கையில் இருந்தது. இருந்தும் வாய் தன்பாட்டுக்கு, "நல்லாருக்கு, இறுக்கு மச்சான்" என்றது. சொல்லிவிட்டு, நீ செய்வாய் என்பதுபோல் கொஞ்ச நேரம் சும்மாவே நின்றேன்.

அப்புறம் நானே இறுக்கினேன்.