ஒரே கதவுக்கு ரெண்டு பூட்டு

செவிலிமேடு, காஞ்சிபுரம்
1969 ஆவணி

அன்புள்ள மகன் ஆசீர்வாதத்துக்கு அப்பா தேவசகாயம் சொல்ல, உன் தங்கச்சி மரியம்மாள் எழுதுறது. கர்த்தர் கிருபையில இங்க எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர. பிலாயில நீயும் மருமகளும் புள்ளைங்களும் சம்பந்தியம்மாவும் சுகமா இருக்க வேண்டிக்கினு இருக்கேன்.

உன் கடுதாசி வந்துச்சு. கோயில் சாவியைப் போதகர் ஐயாகிட்ட குடுத்துட்டு சும்மா இருங்கன்னு எழுதியிருந்தே. குடுக்க மாட்டேன்பா. மெட்ராஸ்ல ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு ஜனங்க மூட்டை முடிச்சோட காஞ்சிபுரத்துக்கு ஓடிவந்த வருஷம், நீ உங்கம்மா வயித்துல. மெட்ராஸ்லருந்து மாசம் ஒருதரம் வந்துக்கினு இருந்த பழைய போதகர் அந்த வருஷம் வரவே முடியல. அதுக்காகக் கோயிலைப் பூட்டியா வெச்சோம்? சாவி மாசத்துக்கு ஒரு வீடுன்னு சுத்துச்சு. எந்த வீட்டுல சாவியோ அந்த வீடு பெருக்கும், மணி அடிக்கும், அந்த வீட்டாள்தான் ஜெபம் நடத்தணும், ஆம்பளையானாலும் பொம்பளையானாலும். செத்தவங்களை நாங்களே பாடிப் புதைச்சோம். அவர் திரும்பி வந்து பார்த்தாரு. ஞானஸ்நானமும் திருவிருந்தும் என் வேலை, சாவியும் ஜெபமும் உங்க வேலை, எனக்குப் பின்னாடி வர்றவங்களும் இதை மாத்தக்கூடாதுன்னாரு. நாங்க நாலு பேர் சாவி மேல கை வெச்சோம், அவரும் மேல கை வெச்சாரு.

புதுப் போதகர் கெட்டவர் இல்ல, வியாதிக்காரங்க வீட்டுக்கு மழையிலயும் வர்றவரு. ஆனா போன மாசம் சாவி மணியம்மாள் வீட்டு முறை. அவ ஜெபம் பண்ண எழுந்தா, உட்காரும்மான்னுட்டாரு. படிக்காதவங்க ஆராதனை நடத்தினா ஊர் சிரிக்குமாம். சிரிக்கிறவங்க யாரும் வந்து பெருக்கறதில்லையே ஐயான்னு அவ கேட்டுட்டா. மறுநாள் கதவுல அவரோட புதுப் பூட்டு. நான் ஒரு வார்த்தை சொன்னேன், மரியம்மாள் அதை எழுத மாட்டேங்கறா. பசங்க கடப்பாரையோட வந்தாங்க, வேணாம்டான்னேன். அவர் பூட்டோட சேர்த்து நம்ம பூட்டையும் மாட்டிட்டேன். இப்ப நாங்க இல்லாம அவர் உள்ள போக முடியாது, அவர் இல்லாம நாங்களும் போக முடியாது. ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டு, என்ன பெரியவரே இது அடாவடின்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா தொறக்கும், அவ்ளோதாங்க ஐயான்னேன். சிரிப்பு வந்துச்சு அவருக்கு, அடக்கிக்கினாரு.

கடைசியா ஒண்ணு சொல்லியிருக்காரு. அறுப்புப் பண்டிகைக்குப் பேராயர் வர்றாராம். காலமான பழைய போதகர் அப்படிச் சொன்னது நிஜம்னு பேராயர் முன்னாடி சாட்சி சொன்னா, தன் பூட்டை எடுத்துடுவாராம். நான் பூட்டு போட்டவன், என் வாக்கு செல்லாதாம். கை வெச்ச நாலு பேர்ல கண்ணாயிரம் எப்பவோ கர்த்தர்கிட்ட போயிட்டான். யேசுதாஸ் பங்குனியில போயிட்டான்.

கர்த்தர் உன்னையும் உன் புள்ளைங்களையும் கண்மணி மாதிரி காக்கட்டும். வேலைக்கு வெறும் வயித்தோட போகாதே. பண்டிகைக்கு லீவு போட்டு வந்துடு, தனியா வராதே. சாவியைக் குடுத்துடுன்னு எழுதினியே, எழுதறதுக்கு முன்னாடி உன் வீட்டுல ஒருத்தரைக் கேட்டியாப்பா? அன்னிக்கு சாவி மேல வெச்ச நாலாவது கை பொம்பளை கை. அவங்க சொன்னா பேராயரும் எழுந்து நிப்பாரு. பத்திரமா கூட்டினு வா, உன் மாமியார் சம்பூர்ணத்தை.

இப்படிக்கு உன் அப்பா
தேவசகாயம், கைநாட்டு