இடது கையால் எழுதிய நோட்டுகள்

இன்று மத்தியானம் யுகேஜி அறையின் அலமாரியை ஒழித்தபோது, பழைய சார்ட்டுகளுக்குப் பின்னால் உன் மூடி கிடைத்தது. மீன் ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடி. ஒரு மூலை உடைந்திருக்கிறது. நீ வேலையை விட்டுப் போன வருஷம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி நான்தான் அங்கே வைத்தேன். பதினோரு வருஷம் ஆகியும் மூக்கருகே கொண்டுபோனால் மீன் வாசம் அடிக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னொரு தடவையும் மோந்து பார்த்தேன். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு மாசம் கிண்டல் செய்திருப்பாய்.

சனிக்கிழமை பெற்றோர் மீட்டிங். அதற்காகத்தான் இந்த ஒழிப்பு எல்லாம். பள்ளிக்கூடம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சுவரில் புதுப் பெயிண்ட், வாசலில் கேமரா, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வாட்சப் குரூப். மற்றபடி அதே மேசை, அதே நோட்டுகள், அதே நான்.

நாம் இரண்டு பேரும் ஒரே ஜூன் மாதத்தில் சேர்ந்தோம். எனக்கு எல்கேஜி ஏ, உனக்கு எல்கேஜி பி. நடுவில் பலகைத் தடுப்பு. நான் செங்கல்பட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவேன், நீ மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருவாய். சாயங்காலம் சாலைக்கு இந்தப் பக்கம் எனக்கு பஸ், அந்தப் பக்கம் உனக்கு. ஆனாலும் நான் சாலையைக் கடந்து வந்து, உன் பஸ் வரும்வரை உன்னோடு நின்றுவிட்டுத்தான் திரும்புவேன். அதில் எத்தனையோ நாள் என் பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

சேர்ந்த முதல் வாரமே கரஸ்பாண்டென்ட் சார் சொல்லிவிட்டார். அரையாண்டு மீட்டிங்குக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நோட்டு நிறைந்திருக்க வேண்டும். தமிழுக்கு இரண்டு கோடு, இங்கிலீஷுக்கு நாலு கோடு, எண்ணுக்குக் கட்டம் போட்டது. மூன்றரை வயசுப் பிள்ளைகள். பாதிப் பேருக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. பென்சிலைக் கொடுத்தால் கடிக்கும், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் காதில் விடும். எப்படி நிறையும் என்று கேட்டதற்கு, ஏற்கெனவே அங்கே இருந்த டீச்சர் ஒருத்தி சிரித்துக்கொண்டே தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டீச்சர்கள் உட்கார்ந்து இடது கையால் பிள்ளைகளின் நோட்டை நிரப்புவோம். வலது கையால் எழுதினால் பெரியவர்கள் எழுத்து என்று காட்டிக்கொடுத்துவிடும். இடது கையில் தானாகவே நடுக்கம் வரும். எனக்கு அந்த வேலை வெகு சீக்கிரம் பிடிபட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எழுத்து வைத்திருந்தேன். ஒருத்தனுடையது சாயும், ஒருத்தியுடையது குண்டு குண்டாக இருக்கும். ஜூலையில் கோட்டை விட்டு இறங்கும், டிசம்பரில் கோட்டில் நிற்கும். அங்கங்கே ஒரு தப்பு விடுவேன். இடது கை செய்த தப்பை வலது கை சிவப்பு மையில் திருத்தி ஸ்டாரும் போடும். இதில் எனக்குப் பெருமை வேறு.

நீ தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்ப்பாய். "உன் எடது கைய எல்கேஜில சேத்து உட்டுக்கீறாங்கடி. நல்லாத்தான் படிக்குது" என்பாய். நீ ஒரு நோட்டைக்கூடத் தொடவில்லை.

உன் வகுப்பில் அப்போது என்ன நடந்தது என்பதை நான் தடுப்பின் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். இந்த மூடியில் கடற்கரை மணலைப் பரப்பி, பிள்ளைகளை ஒவ்வொருவராக விரலால் கோடு இழுக்க விட்டாய். குப்பத்துப் பிள்ளைகளிடம், "உங்கப்பா போட்டுமேல இன்னா பேரு எழுதிக்கீது?" என்று கேட்டு, அந்தப் பேரைக் கரும்பலகையில் எழுதினாய். கரையில் இருபது படகு நின்றாலும் தன் அப்பாவின் படகு எது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். பலகையிலும் தெரிந்தது. படகு இல்லாத பிள்ளைகளுக்கு பஸ் போர்டு, பிஸ்கட் காகிதம், கடை பேர். உன் வகுப்பில் எப்போதும் சத்தம். பிள்ளைகள் கதை சொல்லும், சண்டை போடும், பலகையில் இருக்கிற பேரைக் காட்டி இது என்னுது என்று கத்தும். என் வகுப்பு அமைதியாக இருக்கும். சார் ரவுண்டு வரும்போது என் வாசலில் நின்று தலையாட்டிவிட்டுப் போவார்.

"மணல்ல எழுதுனா யாருக்கும் காட்ட முடியாதே" என்று ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "அதுக்குத்தான்டி மணலு" என்றாய். "காட்றதுக்குன்னு எழுத ஆரம்பிச்சா அந்தக் கொழந்த அப்பவே பயந்துடும்."

மீட்டிங் அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஒரு தடவையாவது. காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மீன் விற்கிற ஒரு அம்மா உன்னிடம் வந்து, "நா படிக்கல டீச்சர். வூட்ல இதுக்கு நா இன்னாத்த சொல்லிக் குடுக்கறது?" என்று கேட்டாள். நீ அவளை உட்கார வைத்து, "காலைல மீனு வித்துட்டு வர்றல்ல, அங்க நடந்தத இவகிட்ட சொல்லு. அப்றம் அதையே அவள சொல்லச் சொல்லு. நடுவுல அவ கேள்வி கேட்டா திட்டாத. அதாம் படிப்பு" என்றாய். அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பத்து நிமிஷத்தில் உன் மேசையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இருபத்தாறு பிள்ளைகளின் நோட்டும் காலி. சிலதில் வட்டம், சிலதில் கிறுக்கல், அவ்வளவுதான். பக்கத்து செக்ஷனில் மூன்று நோட்டு நிறைந்திருக்கிறது, இங்கே பிள்ளை மணலில் விளையாடுகிறதா என்று ஒருத்தர் ஆரம்பித்தார். சார் வந்தார். என் மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து உன் நோட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, எல்லோர் முன்னாலும், "டீச்சர், இது பிள்ளைங்க எழுதினதுதானே?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அத்தனை பேரில் தெரியாதவர்கள் பெற்றோர் மட்டும்தான்.

"ஆமா சார்" என்றேன்.

நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நேராக நின்றுகொண்டு, "எம் புள்ளைங்க மெதுவாத்தான் எழுதும் சார்" என்று மட்டும் சொன்னாய். ஏப்ரலில் அடுத்த வருஷம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மீட்டிங் அன்று சாயங்காலமும் நான் சாலையைக் கடந்து வந்து உன் பக்கத்தில் நின்றேன். நீதான் பேசினாய். "உன் ரெண்டு பொண்ணும் இங்கதான் பாதி ஃபீஸ்ல படிக்குது. நீ இன்னா பண்ணுவ." அப்படிச் சொல்லி எனக்கு ஒரு சாக்கைக் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனாய். அந்தச் சாக்கை நான் பதினோரு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பெண்கள் இரண்டு பேரும் காலேஜ் போய்விட்டார்கள். சாக்கு தீர்ந்துபோன பிறகும் நான் இங்கேயே இருக்கிறேன். கேஜி இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இடது கையைத் தூக்கிக் காட்டுவது இப்போது நான்தான். வெளியே போகலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். நாற்பத்தாறு வயசில், இது மட்டுமே தெரிந்த ஒருத்தியை யார் எதற்கு எடுப்பார்கள்? வேறு பள்ளிக்கூடத்திலும் நோட்டு இருக்குமே.

நீ ரிசார்ட்டில் துணி மடிக்கிற வேலைக்குப் போனாய். போன் செய்தால், "பெட்ஷீட்டுல எழுதிக் காட்டுன்னு யாரும் கேக்கறதில்லடி, நிம்மதியா கீது" என்பாய். அது நிம்மதி இல்லை என்று எனக்குத் தெரியும். கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "இன்னும் எடது கையிலதான் எழுதிகினு கீறியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். நீ என் இடது கையைப் பிடித்துத் திருப்பினாய். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரத்தில் பென்சில் கரி. என் புடவைத் தலைப்பால் துடைக்கப் பார்த்தாய், போகவில்லை. "போவாது, உடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் நான்கு நாள்தான். உன்னிடம் நான் சொன்ன கடைசி வார்த்தையும் பொய்யாகிவிட்டது.

இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், தருண் என்று ஒரு பையன். போன வருஷம் எல்கேஜியில் என்னிடம்தான் இருந்தான். இந்த வருஷம் பிள்ளைகளோடு என்னையும் யுகேஜிக்கு ஏற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை அவன் அம்மா பழைய எல்கேஜி நோட்டு மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"பாருங்க டீச்சர், போன வருசம் எம்மாம் அழகா எழுதிக்கீறான். இப்போ பென்சிலத் தொடவே மாட்டேன்றான். எல்லாம் திமிரு. அவரு பெல்ட்ட எடுத்துட்டாரு. நானும் அடிச்சேன்."

பையன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். ஆடுசதையில் கோடு கோடாகத் தடித்திருந்தது. அவள் விரித்த பக்கத்தில் நான் அவனுக்கென்று வைத்திருந்த எழுத்து, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து, டிசம்பரில் கோட்டில் நின்றது. இந்தப் பக்கத்தைக் காட்டிக் காட்டித்தான் அவனை அடித்திருக்கிறார்கள். இவ்வளவு வருஷத்தில் எத்தனை வீட்டில் இப்படியோ.

"இது இவன் எழுதலம்மா. நான் எழுதினது" என்றேன். அவள் நம்பவில்லை. இடது கையில் பென்சிலை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அதே போல நாலு எழுத்து எழுதிக் காட்டினேன். அவள் அதையும் முன் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து பையனின் காலைத் தடவினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"இத அவருகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்" என்றாள் மெதுவாக. "இந்த நோட்ட ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாருக்கும் காட்டிகினு கீறாரு. இந்த வருசமும் எப்டியாச்சும் எழுதிக் குடுத்துடுங்க. இல்லன்னா இன்னும் அடிப்பாரு."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீயே சொல். நான் எழுதினாலும் அவனுக்கு அடி, எழுதாவிட்டாலும் அடி. இதைக் கட்டிவைத்தது நான்.

இன்று பள்ளி விட்ட பிறகு அவன் மட்டும் அப்பாவின் ஷேர் ஆட்டோவுக்காகக் காத்திருந்தான். உன் மூடி கையில் இருந்தது. சறுக்குமரத்துக்குக் கீழே இருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து பரப்பினேன். உன்னைப் போலவே கேட்டேன், "அப்பா ஆட்டோ பின்னாடி என்ன எழுதியிருக்கு?"

"மலர். எம் பாப்பா பேரு" என்றான். எழுதச் சொல்லாமலே விரலை மணலில் வைத்து எழுதினான். கடைசி எழுத்தின் புள்ளிக்கு மட்டும் விரலால் ஆழமாகக் குழி தோண்டினான். அவன் அதைத் தினமும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான், நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வராந்தாவில் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது. என்னை அறியாமலே கையால் மணலைச் சமமாக்கிவிட்டேன். அவன் முதல்முதலாக எழுதியதை நானே அழித்தேன். அவன் என்னைப் பார்த்தான், அழவில்லை. அழித்த இடத்திலேயே மறுபடி எழுதினான்.

சார் வாசலில் நின்றார். "என்ன டீச்சர் மண்ணெல்லாம்? யார் எழுதினது?"

"இவன்தான் எழுதினான் சார்" என்றேன். பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் உண்மை.

"நல்லது. அதை நோட்டுல எழுத வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிரிப்புத்தான் வந்தது. நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை பென்சிலை ஒதுக்காமல், முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டு, கோடு எதையும் சட்டை செய்யாமல் தங்கச்சி பேரை எழுதினான். ஆட்டோ ஹாரன் கேட்டதும் ஓடிப்போனான்.

மற்ற முப்பது பிள்ளைகளின் நோட்டையும் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டேன். உன்னிடம் மறைத்துப் பயனில்லை, கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். தருண் நோட்டில் மட்டும் அந்த ஒரு பக்கம்தான். மீதி காலி. அதில் இனி நான் எதுவும் எழுதப் போவதில்லை. சனிக்கிழமை அவன் அப்பா வருவார். தன் ஆட்டோவில் இருக்கும் பேர் அது என்று அவருக்கு நான் காட்ட வேண்டும். அவர் பெல்ட்டை மறக்கும் அளவுக்குக் காட்ட வேண்டும். பழைய நோட்டை யார் எழுதியது என்று அவர் கேட்டால், பக்கத்தில் சார் நின்றாலும், பதில் சொல்ல வேண்டும்.

இப்போதே பயமாக இருக்கிறது, ஒரே ஒரு நோட்டுக்கு. நீ இருபத்தாறு நோட்டோடு நின்றாய். எனக்குப் பக்கத்தில் நிற்க நீ இல்லையே என்று இங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். அன்றைக்கு உன் பக்கத்தில் நான் இருந்தேன். இருந்தும் நீ தனியாகத்தான் நின்றாய்.