சர்வரில் ஏழு ஜி.பி. மிச்சம்

9-11-2009, திங்கள்

விடியலிலிருந்து மழை. பஸ் ஜன்னல் ஒழுகி வலது தோள் முழுக்க ஈரம். மருத்துவமனைக்குள் போனதும் முதல் வேலை, சர்வர் அறை ஏ.சி.க்குக் கீழே பக்கெட் வைத்தது.

அறையில் இப்போது ஒரே பெட்டிதான். ஜூன் மாதம் வரை ஐந்து இருந்தன. பதிவு, லேப், மருந்தகம், பில்லிங், எக்ஸ்ரே. ஐந்துக்கும் நான்தான் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். அவை இப்போது மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களோடு. அவற்றின் வேலையை எல்லாம் இந்த ஒற்றைப் பெட்டியே பார்க்கிறது. உள்ளே ஐந்து தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். பேர் வி.எம். எங்கள் நிர்வாக அதிகாரி (ஏ.ஓ. என்றுதான் எல்லோரும் சொல்வோம்) பார்க்கிறவர்களிடமெல்லாம் "கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டர்" என்று விளக்குகிறார்.

செய்தது நிஜாம். துபாயில் ஆறு வருடம். அங்கே ஆட்குறைப்பு, ஜூனில் இங்கே வந்தான். வயது இருபத்தொன்பது. என்னைவிட ஐந்து வயது சின்னவன். இனி இந்த நோட்டில் நி. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

இன்று மருந்தகம் ஆமை வேகம். ஜன்னலில் முப்பது பேர். அந்த வி.எம்.முக்கு இன்னும் ஒரு பிராசசர் கூட்டிக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். நி. சிரிக்காமல் தலையாட்டிவிட்டு, நான்காக இருந்ததை ஒன்றாகக் குறைத்தான். பறந்தது.

ஏ.ஓ.வுக்கு ஒரே ஆனந்தம். "பாத்தியாம்மா அமுதா? கொறைச்சா வேகம் கூடுது! இதத்தான் அறிவுங்குறது."

காரணத்தை வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். நான்கு கொடுத்தால் நான்கும் ஒரே நேரத்தில் காலியாகும்வரை அது காத்து நிற்குமாம். ஒன்று என்றால் கிடைத்ததும் ஓடும். சின்ன விஷயம். எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது.

10-11, செவ்வாய்

தூறல். மதியச் சாப்பாடு எலுமிச்சை சாதம்.

ஜூனிலிருந்து நி.யின் பெட்டியில் வந்த கோளாறுகளை இந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வருகிறேன். எதற்கு என்று எனக்கே தெரியும்.

— லேப் கடிகாரம் பதினான்கு நிமிடம் பின்தங்கியது. இரத்தம் எடுக்கும் முன்பே ரிசல்ட் வந்ததாக அச்சாயிற்று. காரணம்: பெட்டி ஒரு நேரம் சொல்ல, வி.எம். வெளியே ஒரு நேரம் கேட்க, இரண்டுக்கும் சண்டை. ஒன்றை நிறுத்தியதும் சரி.
— எக்ஸ்ரே வி.எம்.மை நகல் எடுத்தபோது முகவரியும் சேர்ந்து நகலானது. ஒரே எண்ணில் இரண்டு. அரை நாள் யாருக்கும் படம் வரவில்லை.
— மருந்தகம் (நேற்று).

இன்று நான்காவது. 11.20க்கு நி. டீக்குப் போன நேரம், முதல்முறையாக என் பெயரிலேயே லாகின் செய்து பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். ஐந்து வி.எம்.களுக்கும் ஸ்னாப்ஷாட் இருக்கிறது. அக்டோபர் 24ஆம் தேதி, லேப் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கும் முன் எடுத்தது. ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக. வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். மறந்துவிட்டான். நீக்காதவரை அன்றிலிருந்து எழுதியதெல்லாம் தனிக் கோப்புகளில் சேரும். அவை வளர்ந்துகொண்டே போகும், டிஸ்க் நிறையும் வரை.

மிச்சம் ஏழு ஜி.பி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு போகிறது. சனிக்கிழமை நிறையும்.

நி. திரும்பி வந்து, "என்னக்கா, ஏதும் பிரச்சனையா?" என்றான்.

"ஒண்ணுமில்லங்க. ஏ.சி. தண்ணி பாத்தேன்."

நாளை சொல்லலாம்.

11-11, புதன்

மழை இல்லை. கொசு.

மீட்டிங். டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வாரப் பயிற்சி, சர்வர் நிர்வாகம். இரண்டு வருடமாக இதைக் கேட்டு மூன்று கடிதம் கொடுத்திருக்கிறேன். ஏ.ஓ. சொன்னது: "நிஜாம் போயிட்டு வரட்டும். தெரிஞ்சவங்க போனாத்தான் அங்க மதிப்பா இருக்கும்."

தெரிந்தவர்.

சுனாமி வந்த வாரம் வராந்தாவில் பெஞ்சு போட்டுப் பெயர் பெயராகக் கையால் எழுதியவள் நான். யார் எந்த வார்டு, யார் சவக்கிடங்கு, எந்தக் குழந்தைக்கு யார் வந்தார்கள். நோட்டுகள் கலந்து, பெயர்கள் தொலைந்து, ஒரு அம்மா மூன்று வார்டுக்கும் ஓடியதைப் பார்த்தபின்தான் இந்த மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டேன். நானேதான் கற்றுக்கொண்டேன். யாரும் துபாய்க்கு அனுப்பவில்லை.

மாலை பார்த்தேன். மிச்சம் ஐந்து.

வீட்டில் சேகரிடம் (என் வீட்டுக்காரர், படகு எஞ்சின் மெக்கானிக்) பயிற்சி விஷயம் சொன்னேன். கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பையன் நல்லா வேல பாக்குறானா?" என்றார்.

"பாக்குறான்."

"அப்ப அதுதான் ஒனக்குப் பிரச்சன."

மீன் குழம்பில் உப்பு அதிகம் போட்டுவிட்டேன். அவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

12-11, வியாழன்

காலை வெயில், பிறகு இருட்டிக்கொண்டு வந்தது.

நி. டப்பா கொண்டுவந்தான். "வீட்டுல வட்டலாப்பம் செஞ்சாங்க. அக்காவுக்குக் குடுன்னு தனியா எடுத்து வச்சாங்க." அவன் மனைவியை நான் பார்த்ததுகூட இல்லை. என்னைப் பற்றி வீட்டில் பேசுகிறான் போல.

முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த இனிப்பு. ருசியாக இருந்தது. அதுவும் கோபம்.

சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடத்தான் நினைத்தேன். "நிஜாம், அந்த ஸ்னாப்ஷாட்..." என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போது ஏ.ஓ. உள்ளே வந்து அவன் தோளில் கை போட்டு, யாரோ விருந்தாளியிடம், "இவருதான் நம்ம சர்வர் இன்ஜினியர்" என்றார். என்னைக் காட்டி, "இவங்களும் இங்கதான்."

இவங்களும் இங்கதான்.

டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன். மிச்சம் மூன்றுக்கும் கீழே. சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் ஒரு மணி நேரம் திணறட்டும். ஒரே ஒரு மணி நேரம். உயிரா போய்விடும்.

13-11, வெள்ளி

கொட்டு கொட்டென்று மழை. வரிசையாக எழுதுகிறேன்.

12.50. லேப் மேரி இன்டர்காமில்: "அமுதா, ஸ்கிரீன் அப்புடியே நிக்குது. எதுவும் அசையல." அடுத்து மருந்தகம். அடுத்து பதிவு. ஐந்தும்.

காய்ச்சல் சீசன். கூட்டம் இரட்டிப்பு. அதனால் வேகமாக நிறைந்துவிட்டது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வெள்ளி மதியம் நி. ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருப்பான் என்பதையும். போன் அணைத்திருந்தான்.

குழந்தைகள் வார்டு டாக்டர் தானே இறங்கி வந்துவிட்டார். ஏழு வயதுப் பெண். டெங்கு என்று சந்தேகம். "மூணு நாள் பிளேட்லெட் கவுன்ட் எனக்கு இப்ப வேணும். எறங்குற வேகத்தப் பாத்துதான் தஞ்சாவூர் அனுப்பறதான்னு முடிவு பண்ணணும்." ஆகஸ்டிலிருந்து வார்டுக்குக் காகித ரிப்போர்ட் கிடையாது. எல்லாம் திரையில். இன்று காலையில் எடுத்த இரத்தத்தின் ரிசல்ட்டும் உள்ளேதான்.

ஏ.ஓ. ஓடி வந்தார். "பொட்டிய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா."

"வேணாம் சார். எடம் இல்லாமத்தான் நிக்குது. திரும்ப எழுந்திருக்கவும் எடம் வேணும். ஆஃப் பண்ணா அப்புடியே படுத்துடும்."

"இன்னும் திரையவே பாக்கல. எப்புடிம்மா தெரியும்?"

கீபோர்டை இழுத்துக்கொண்டேன். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை, வேறு போன் அடித்தது.

செய்தது:
ஸ்னாப்ஷாட் கோப்புகளில் கை வைக்கவில்லை. பெரிதாக இருக்கிறதே என்று அதை அழித்தால் அக்டோபர் 24க்குப் பிறகான எல்லா நோயாளியும் போச்சு. நி. பழகுவதற்கு வைத்திருந்த வெற்று வி.எம். ஒன்று இருந்தது. அழித்தேன். சி.டி.யிலிருந்து ஏற்றிவைத்த நகல்கள். சி.டி.கள் அலமாரியில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, பிறகு அழித்தேன். பதினான்கு ஜி.பி. கிடைத்தது. நின்றுபோன ஒவ்வொன்றும் "மீண்டும் முயலவா?" என்று கேட்டு நின்றது. லேபுக்கு முதலில் ஆமாம் கொடுத்தேன்.

1.35. மேரி: "வந்துடுச்சு!"

நாற்பத்தைந்து நிமிடம். இதற்கிடையில் காத்திருக்க முடியாது என்று அந்தப் பெண்ணுக்கு மறுபடி இரத்தம் எடுத்திருக்கிறார்கள். 1.20க்கு அவள் அலறியது மாடிப்படி வழியாகச் சர்வர் அறை வரை கேட்டது. அது என் ஊசி.

1.50க்கு ஆம்புலன்ஸ் தஞ்சாவூருக்குக் கிளம்பியது.

நி. 1.40க்கே வந்துவிட்டான். தலையில் தொப்பி, சட்டை முழுக்க நனைந்து. திரையைப் பார்த்தான். "ஸ்னாப்ஷாட்டா?"

"ஆமா."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஒரு நிமிடம் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு இருவரும் சேர்ந்து ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டாக நீக்கினோம். 95 சதவீதத்தில் வந்து அசையாமல் நின்றது.

"கை வைக்காதீங்கக்கா, உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"தெரியும்."

"உங்களுக்கு எல்லாம் தெரியுதுக்கா," என்றான். பாராட்டாகத்தான்.

ஆறு மணிக்கு முடிந்தது.

14-11, சனி

மழை விட்டது. துணி காயவில்லை.

காலை எல்லோர் முன்னாலும் ஏ.ஓ.: "நேத்து நம்மளக் காப்பாத்துனது அமுதா." கைதட்டல். நி. எழுந்து, "என் தப்புதான் சார். நீக்க மறந்துட்டேன்," என்றான். அவனுக்கு மெமோ. பயிற்சிக்கு அவனுக்குப் பதில் நான்.

சந்தோஷம்தான். இந்த நோட்டில் எதற்குப் பொய். சாப்பாட்டு நேரம் வரை இருந்தது.

வீட்டில் சேகர் சொன்னார்: "கிளிஞ்சல்மேட்டுல ஒரு படகு எஞ்சின் பாதியில நிக்குது. ஓனரு தஞ்சாவூர்ல இருக்காரு. மக ஐ.சி.யு.வுல. நேத்து உங்க ஆஸ்பத்திரியிலேருந்துதான் கொண்டு போனாங்களாம்."

இரவு சாப்பிடவில்லை. கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

16-11, திங்கள்

நேற்று எழுதவில்லை.

காலை பத்து மணிக்கு சேகர் போன். அந்தப் பெண்ணுக்குக் கவுன்ட் ஏறுகிறதாம். இட்லி கேட்டாளாம். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திரும்பி வந்தால் நி. கதவைச் சாத்தினான். அவன் மேசையில் ஒரு தாள்.

"லாகின் பதிவு பாத்தேன்க்கா. அஞ்சு மாசத்துல நீங்க உங்க பேர்ல பெட்டிக்குள்ள வந்ததே இல்ல. போன செவ்வா, புதன், வியாழன், மூணு நாளும் வந்திருக்கீங்க."

தாளை என் பக்கம் திருப்பினான்.

"ஏ.ஓ. கிட்ட சொல்ல மாட்டேன். மறந்தது நான்தான், அல்லாஹ் பாத்துக்கிட்டிருக்கான். ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"பொறாமை," என்றேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

தாளை நான்காக மடித்தான். "என் மேலயா? வாசல்ல வர்ற மீன்கார அம்மாவுலேருந்து டாக்டரு வரைக்கும் அமுதா அமுதான்னுதான் வர்றாங்க. இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒருத்தரு பேரு சொல்லிப் பேசல. 'துபாய்க்காரரு எங்க?'ங்குறாங்க. தெனம் வீட்டுல போயி உங்களப் பத்திதான் பொலம்புவேன்."

வட்டலாப்பத்துக்கு முன்னால் நடந்த பேச்சு இதுதான் போல.

17-11, செவ்வாய்

ஏ.ஓ. அறைக்குப் போனேன். டிஸ்க் நிறையப் போவது போன செவ்வாய்க்கிழமையே தெரியும், சொல்லவில்லை என்றேன். சுருக்கமாக. காரணமும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "இத நீ சொல்லாம இருந்தா யாருக்கும்மா தெரியப் போவுது?"

"நிஜாமுக்குத் தெரியும் சார்."

"அவரு ஒண்ணும் சொல்லலையே."

"அதான் சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு எதாவது ஆயிருந்தா?" என்றார். எனக்கும் மெமோ. பயிற்சி ரத்து. எதிர்பார்த்ததுதான். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்களே, வெளியே வந்தபோது அப்படியெல்லாம் இல்லை. வெட்கம் மட்டும்.

நி.யிடம் சொன்னேன். "ஏன்க்கா?" என்றான். அப்புறம் தன் நாற்காலியைத் தள்ளி, பெட்டியின் திரைக்கு முன்னால் இன்னொரு நாற்காலிக்கு இடம் செய்தான்.

18-11, புதன்

வெயில். லேபில் புது பிரிண்டர்.

நிஜாமும் நானும் ஸ்னாப்ஷாட்டுக்குப் பதிவேடு போட்டோம். எடுத்த தேதி, எடுத்தவர், நீக்க வேண்டிய தேதி. இருவர் கையெழுத்து.

மூன்று மணிக்குச் செய்தி. புதுச்சேரிப் பயிற்சிக்கு பில்லிங் ராஜாராம் போகிறார். ஏ.ஓ.வுக்குத் தூரத்து உறவு. நேற்று என்னிடம் வந்து, மௌஸில் வலது பக்கப் பட்டன் எதற்கு என்று கேட்டவர்.

டிசம்பருக்கென்று இப்போதே வாங்கிய புதுப் பையை மாட்டிக்கொண்டு அவர் வராந்தாவில் எல்லோரிடமும் செய்தியைச் சொல்லிக்கொண்டே நடந்தார். நாங்கள் இருவரும் சர்வர் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"ஒரு வாரம்க்கா," என்றான் நிஜாம். "தங்குற எடமும் அவங்களே."

"கடற்கரைக்குப் பக்கத்துலயாம்," என்றேன்.

"பைய பாத்தீங்களா?"

"பாத்தேன்."