ஆர்த்திக்கு ஒரு செருப்பு

அத்தை,

காலையில் கூரியர்க்காரர் வந்தார். வாசலில் கிடந்த உன் கறுப்புச் செருப்பைப் பார்த்துவிட்டு, "சார் இருக்காரா?" என்றார். நான் குனிந்து அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தேன். அப்பா எப்போதும் வெளியூர் வேலையில். நீ, அம்மா, நான் மட்டும் இருந்த வீட்டில் அந்த 'சார்' நீதான் என்று எப்படிச் சொல்வது? நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. "சாயங்காலம் வரேன்" என்று அவர் போய்விட்டார்.

டாக்டர் உன் வலது பெருவிரல் மூட்டை அமுக்கிப் பார்த்து 'ஆர்த்ரைட்டிஸ்' என்றதும், "ஆர்த்தி ரைட்டுல இருக்கா. லெஃப்டுக்குப் போனா ஆர்த்திலெஃப்டிஸ்" என்றேன். டாக்டரே சிரித்தார். நீ சிரிக்கவில்லை. பஸ்ஸில்தான் வாய் திறந்தாய்: "நின்னாதாண்டி எனக்கு வேல. உக்காந்துட்டா வேற ஆளப் போட்டுருவாங்க." பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பட்டறை, நாள் முழுக்கச் சிமெண்டுத் தரை. ஆனாலும் என் பெயர்சூட்டல் ஒட்டிக்கொண்டது. வலி கூடிய நாளில், "இன்னிக்கு ஆர்த்தி ரொம்ப ஆடுறாடி" என்பாய்.

கடைவீதியில் நாம் ஏறாத செருப்புக் கடை இல்லை. பெண்கள் செருப்பெல்லாம் முன்னால் கூம்பிப்போயிருந்தன. "இத பண்ணவன் பொம்பள காலயே பாத்ததில்ல போல" என்றாய். கடைசிக் கடைக்காரர் எதிர்ச் சுவரைக் காட்டினார். "ஜென்ட்ஸ்ல எடுங்கம்மா. முன்னால அகலம், அடி கெட்டி, மடங்காது." டாக்டர் சொன்ன செருப்பும் அப்படிப்பட்டதுதான். நீ விருட்டென்று எழுந்தாய். "ஆம்பள செருப்பா? பட்டறையில அவளுங்க சிரிச்சே சாவாளுங்க."

அடுத்த வாரம் நீ லீவு சொல்ல ஆரம்பித்தாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு மாலை, கால் வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, "ஸ்கூல் ப்ராஜெக்ட்டு, காலக் குடு அத்தை" என்று செய்தித்தாளில் உன் பாதத்தை வரைந்துகொண்டேன். நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தாளோடு போய் ஆண்கள் செருப்பு வாங்கி, பூப்போட்ட லேடீஸ் பெட்டியில் வைத்துத் தரச் சொன்னேன். "புது மாடலு அத்தை" என்று நீட்டினேன். மாட்டினாய், மறுநாளே வேலைக்குப் போனாய். சில நாள் ஆர்த்தியின் பேச்சே இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம் தெருமுனையிலேயே உன் குரல்: "எங்கடி அவ?" பட்டறையில் ஒருத்தி, "அக்கா, எங்க வூட்டுக்காரரும் இதேதான் போட்டிருக்காரு" என்றாளாம். நீ துடைப்பத்தை எடுத்தாய். நான் வீட்டைச் சுற்றி ஓடினேன். நீயும் பின்னால். இரண்டாம் சுற்றில் அம்மா கத்தினாள்: "அண்ணி! ஓடுறீங்க!"

நின்றாய். குனிந்து காலைப் பார்த்தாய். "ஓடுறனா?" என்றாய், என்னிடம் இல்லை, காலிடம். அப்புறம் துடைப்பத்தைக் கீழே போட்டாய். "சிரிக்கட்டும். அவளுங்களுக்கும் காலு இருக்குது."

அதன்பின் யார் வந்து "சார் இருக்காரா?" என்றாலும் உள்ளிருந்து குரலைக் கனமாக்கி, "இருக்கன், சொல்லு!" என்பாய். கடைசி வரைக்கும் வேலைக்கு நடந்தே போனாய்.

இப்போது எந்தக் கடையிலும் நான் முதலில் செருப்பின் முன்பக்கத்தில் விரல் விட்டுப் பார்க்கிறேன். லேடீஸ், ஜென்ட்ஸ் பலகையைப் பார்ப்பதில்லை.

சாயங்காலம் கூரியர்க்காரர் மறுபடி வந்தார். "சார் வந்துட்டாரா?"

"இல்லீங்க. போயிட்டாங்க." நல்லவேளை, நம் மரியாதை 'ங்க'வில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, உன் செருப்பைப் போல.

"செருப்பு இங்க கெடக்குதே?"

"கால்வலி வுட்டுருச்சுங்க. வெறுங்கால்லயே போயிட்டாங்க."