மூன்றாம் ஓலைக்கு முன்

என் கண்ணான பிலோமிக்கு,

நீ போயிருக்கிற இடத்தில் காது கேளாத பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார்கள்? தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருந்தால், உன் அக்காவுக்கும் இரண்டு பாடம் கேட்டு அனுப்பு. இங்கே நான் தட்டுக்கெட்டு நிற்கிறேன்.

உன் மகள் ரோசிக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. முட்டத்துப் பையன். குடி கிடையாது, வள்ளத்தில் பங்கு உண்டு, அவன் அம்மாவும் நல்ல மாதிரி. கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது, அதற்கும் தடை வராவிட்டால் தாலிதான். ஆனால் பெண்ணுக்குச் சம்மதமா இல்லையா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

உனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கைப்பேச்சு இருந்தது. அடுக்களையில் இருவரும் கையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பீர்கள். என்னட்டி சங்கதி என்று நான் கேட்டால், "நீ அறியாண்டாம் அக்கா, நான் இருக்கேம்லா" என்பாய். பாளையங்கோட்டையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சாமியார் சொன்னபோதும் அதையேதான் சொல்லி அவளை அனுப்பாமல் விட்டாய். இப்போது நீ இல்லை. உன்மேல் எனக்குக் கோபம்தான். செத்தவளிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது?

உன்னை அடக்கம் செய்த பிறகு நான் உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். அன்றிலிருந்து ரோசிதான் எனக்கு வாத்திச்சி. கான்வென்டில் லேஸ் பின்னிப் பழகிய விரல், எதற்கும் வளையும் என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. முதல் வாரத்திலேயே அது போயிற்று. உப்பு எடுத்து வா என்று காட்டியதாக நினைத்தேன். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் எதையாவது தப்பாகக் காட்டினால் என் விரலைப் பிடித்து, மடக்கி, நிமிர்த்தி, அது சரியாகும் வரை விடமாட்டாள். சரியாகிவிட்டால் ஒரு தலையாட்டல். அந்த ஒரு தலையாட்டலுக்காகவே இந்தக் கிழவி நாள் முழுக்கப் பாடம் படித்தாள்.

கொஞ்சம் படித்தும் விட்டேன் என்று வை. மீசையை முறுக்கினால் அப்பா. விரலைச் சுற்றினால் கப்பலுக்கு வழிகாட்டுகிற விளக்குமரம், அதாவது அது நிற்கிற முட்டம். காது மடலைப் பிடித்து இழுத்தால் நீ. உன் காதில் தொங்கிய பாம்படத்தை அவள் மறக்கவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் போன மறுநாள், அவளிடம் சம்மதம் கேட்கிற வேலையை உன் வீட்டுக்காரர் என்னிடம் விட்டார். நானும் ஆயத்தமாகத்தான் போனேன். அவளைச் சுட்டினேன், விரலைச் சுற்றினேன், கழுத்தில் தாலி கட்டுகிற மாதிரி காட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். நான் ஓடிப்போய் உன் வீட்டுக்காரரிடம் சம்மதம் என்று சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். "தடை உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கவும்" என்று சாமியார் முடித்ததும், பெண்கள் பக்கம் முழுக்க ரோசியைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முக்காடு விலகிவிட்டதோ என்று இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். தன் பெயரைத்தான் வாசிக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் ஓலைக்கு மறுநாள்தான் குட்டு உடைந்தது. அவள் சொல்லித்தந்த ஒரு பாடத்தை நான் கிணற்றடியில் பழகிக்கொண்டிருந்தேன். கிணறு வற்றிவிட்டது என்று காட்டினேன். கிணற்றில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. அதில் பாதியை அன்று காலை கோரியவளே அவள்தான். ஆனாலும் என் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, பிலோமி. கையைச் சரியாக மடக்கினாய் என்பதற்குத்தான் அந்தத் தலையாட்டல். கல்யாணம் கேட்ட அன்றைக்கும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். நான் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டேன். அவள் என் பாடத்துக்கு மார்க் போட்டிருக்கிறாள்.

உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வலையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். "மைனி, அவ தலையாட்டினான்னு நீங்கதான வந்து சொன்னிய. எனக்கு அவகிட்ட சோறு வேணும்னு காட்டத் தெரியும். அதுக்க மேல எனக்கு என்ன தெரியும்?" என்றார். அவரை என்ன சொல்ல?

சாமியாரிடம் போனேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சம்மதம் இல்லன்னு சொன்னாளா?"

"இல்ல சாமி."

"சம்மதம்னு சொன்னாளா?"

"அதும் தெரியாது சாமி."

"பின்ன என்ன தடைன்னு நான் எழுத? ஞாயித்துக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்லு."

கேட்டுச் சொல்லணுமாம். திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரே கூட்டம், கொடி. நம் ஊர் மலையாளத்தோடு இருக்கணுமா, தமிழோடு சேரணுமா என்று ஆண்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். உன் மகளிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு இரண்டும் உதவவில்லை.

நேற்று மத்தியானம் அடுக்களையில் அவளை உட்காரவைத்தேன். தலையாட்டாதே என்று காட்ட எனக்குத் தெரியாது. அதனால் இடக்கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டேன். மிச்சமிருந்த ஒரு கையால் முட்டத்தைக் காட்டினேன், தாலியைக் காட்டினேன். பிறகு வேணுமா, வேண்டாமா என்று கேட்டேன். கஞ்சிக்குக் கேட்கிற வேணுமா வேண்டாமாதான். வேறு எனக்கு வராது.

அவள் சிரிக்கவில்லை. என் கையை மெல்ல எடுத்து என் மடியிலேயே வைத்தாள். இந்த அசட்டுப் பெரியம்மா பாடம் படிக்கவில்லை, தன்னிடம் கேட்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு கை ஓட ஆரம்பித்தது. எவ்வளவு வேகம். உன்னிடம் பேசிய அதே வேகம். பத்தில் ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. நான் முழிப்பதைப் பார்த்து நிறுத்தினாள். எனக்காக மெதுவாக, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது போல, இரண்டே இரண்டு காட்டினாள். காது மடலைப் பிடித்து இழுத்தாள். வாயிலிருந்து கையை நீட்டி விரித்தாள்.

அம்மையிடம் கேள்.

அம்மை இல்லையே மக்கா என்று காட்டினேன், காதைத் தொட்டு, இரண்டு கையையும் விரித்து. அவள் தலையாட்டினாள். சரியாகக் காட்டிவிட்டேனாம்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். அந்த ஓட்டத்தில் உன் பிள்ளை என்ன சொன்னாள்? அந்தப் பையனை அவளுக்குப் பிடிக்கவில்லையா? பிடித்திருந்து, உன் வீட்டை விட்டுப் போகிறோமே என்று கலங்குகிறாளா? அங்கே போனால் அவள் கையை யார் படிப்பார்கள் என்று பயமா? நீ ஒரு பார்வையில் சொல்லியிருப்பாய். நான் எத்தனை வருஷம் படித்தால் அங்கே வந்து சேருவேன்?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஓலையைக் கையில் எடுக்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து நிற்பேன். ஊர் சிரிக்கட்டும், முட்டத்துக்காரர்கள் கோபிக்கட்டும். என்ன தடை என்று கேட்பார். பெண்ணுக்க அம்மைகிட்ட இன்னும் கேக்கல்ல சாமி என்று சொல்வேன்.

உன் மகளிடம் இன்னும் முதல் பாடம் தாண்டாத,
உன் அக்கா