டொக்டர் சொன்ன காய்ச்சல்

மாண்புமிகு டொக்டர் ஐயா அவர்கட்கு,

பணிவான வணக்கம். தாங்கள் மறைந்து இரண்டு மாதங்கள் கழிந்தும் ஒரு வரி எழுதாதிருந்தமைக்கு மன்னிப்புக் கோருகிறேன்.

இன்று காலை குசினியில் சமைத்துக்கொண்டே தமிழ் வானொலியைப் போட்டேன். செய்தி தொடங்கியதும் என் கை தானாகச் சென்று ஒலியைக் குறைத்தது. தங்கள் வீட்டில் வேலை பார்த்த காலத்தில் பழகிய கை. புலம்பெயர்ந்து வந்த இந்நாட்டில், குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் இருந்த அச்சிறு வீட்டில் தொலைக்காட்சி உண்டு, பத்திரிகை உண்டு. வானொலிக்கு மட்டும் இடமில்லை. முதல் நாளே என் கைபேசியில் ஒலித்த செய்தியைக் கேட்டு, "அதை நிப்பாட்டும் பிள்ளை" என்று அதட்டினீர்கள். முதுமையின் எரிச்சல் என்றே எண்ணினேன்.

முதியோர் பராமரிப்பு நிறுவனத்தால் தங்களிடம் அனுப்பப்பட்டதில் எனக்குப் பெருமிதம் இருந்தது. மன்னார்க் கரையில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். இந்தத் தமிழும் என் ஆங்கிலமும் நானே தேடிப் படித்தவை. தாங்களோ யாழ்ப்பாணத்திலிருந்து ஆபிரிக்கா சென்று, புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டில், ஒரு மாவட்டம் முழுமைக்கும் ஒரே மருத்துவராக இருந்தவர். அந்நாட்டின் குடிமகனாகி, தேர்தலில் வென்று, சுகாதார அமைச்சராகவும் உயர்ந்தவர். அத்தகையவரிடம் கொச்சையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. "தேநீர் அருந்துகிறீர்களா, ஐயா?" என்று கேட்பேன்.

"அருந்துறன், அருந்துறன். முதல்ல சீனியைப் போடும். உம்மடை தமிழைக் கேட்டால் என்ரை மந்திரிசபை முழுக்க எழும்பி நிண்டிருக்கும்."

"தங்களுக்குச் சீனி தடைசெய்யப்பட்டுள்ளது."

"ஆர் தடை செய்தது? நானெல்லோ டொக்டர்!"

பேச்சு எங்கு தொடங்கினாலும் ஆபிரிக்காவின் அந்தக் காட்டு ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரும். அங்கு தங்களுக்கு உதவியாக, மருந்து கலந்து கொடுக்கும் ஓர் அப்போதிக்கரி இருந்தார், அந்நாட்டவர். தாங்கள் சத்திரசிகிச்சை செய்கையில் விளக்கைப் பிடித்தவரும், ஊர்மொழியைக் கற்பித்தவரும், தேர்தலின்போது சைக்கிளில் ஊரூராகச் சென்று தங்களுக்கு வாக்குக் கேட்டவரும் அவரே. பின்னொரு நாள், ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லை என்று அவர் வேலைநிறுத்தம் தொடங்க, தங்கள் அரசே அவரைச் சிறையில் அடைத்தது. "சிறையிலை காய்ச்சல் வந்து செத்தவன்" என்பதோடு கதையை நிறுத்திவிடுவீர்கள்.

சென்ற ஆண்டு பரமட்டாவில் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு ரயில் நிலையத்துக்கு வந்தோம். ஆபிரிக்க முதியவள் ஒருத்தி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, தங்கள் கைகளைப் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அந்த அப்போதிக்கரியின் மனைவி. மகனோடு வாழ இங்கு வந்து, எங்கள் பக்கத்திலேயே குடியிருக்கிறாராம். "என் பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கைகளில்தான் பிறந்தார்கள்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்த பின்னரே வாய் திறந்தீர்கள்.

"மலேரியா இல்லைப் பிள்ளை."

"எதைச் சொல்கிறீர்கள்?"

"அவன்ரை சாவை. சிறைக்குப் போய்ப் பாத்தனான். நாடி பாக்கக் கையைப் பிடிச்சன், குளிர்ந்துபோய்க் கிடந்தது. விலா எலும்பெல்லாம் அடிச்சு முறிச்சிருந்தாங்கள். அண்டு பின்னேரமே என்னை ரேடியோவிலை கொண்டுபோய் இருத்தினாங்கள். மலேரியாக் காய்ச்சல், எங்களாலை ஏலுமானதெல்லாம் செய்தனாங்கள் எண்டு வாசிச்சன்."

"ஏன் வாசித்தீர்கள்?"

"காரணம் இருந்தது. காரணம் எல்லாரிட்டையும் இருக்கும்." பிறகு சொன்னீர்கள்: "நான் வாசிக்காட்டில் வேறை ஆள் வாசிச்சிருப்பான். ஆனா ஒருத்தரும் நம்பியிருக்காயினம். டொக்டர் எண்டபடியாத்தான் என்னைப் பிடிச்சவங்கள்."

அதன் பின்னரும் அந்த அரசு கவிழும்வரை அமைச்சராகவே இருந்தீர்கள் என்பதையும் அன்று மறைக்கவில்லை. "நான் இருக்கிறவரைக்கும் இதை வெளியிலை விடாதையும்" என்றீர்கள். உடன்பட்டேன். மறுநாளும் வந்து தங்கள் கால்களைக் கழுவித் துடைத்தேன். ஆயினும் மதிப்பு முன்போலவே இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும்.

தங்கள் இறுதிப் பூசையில் அந்த அம்மையார் முன்வரிசையில் அமர்ந்து அழுதார். சென்ற ஞாயிறு மாதா கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் புருஷனை அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்குப் பைத்தியம் பிடித்தது போல இருந்தது. ரேடியோவில் டொக்டரின் குரலைக் கேட்ட பிறகுதான் மனம் ஆறியது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

பிறகு முகம் மலர்ந்தது. பேத்திக்கு மகன் பிறந்திருக்கிறானாம். வரும் ஞாயிறு ஞானஸ்நானம். "உன் டொக்டரின் பெயரைத்தான் வைக்கிறோம். நீ கட்டாயம் வரவேண்டும்."

வீட்டில் மகளிடம் மட்டும் சொன்னேன். "லீவ் இற், விடுங்கோ அம்மா" என்றாள். "அந்த மனுசி இவ்வளவு காலமும் நிம்மதியா இருந்திட்டா. கடைசி காலத்திலை போய் ஏன் குழப்புறீங்கள்?"

அவள் கூற்றிலும் நியாயமுண்டு. அந்த நிம்மதியைக் குலைக்க நான் யார் என்று சில நாள் எண்ணினேன். ஆனால் அடித்துக் கொல்லப்பட்ட ஒருவரின் கொள்ளுப்பேரன், அக்கொலையை மறைத்தவரின் பெயரால் வாழ்நாள் முழுதும் அழைக்கப்படப்போகிறான். குருவானவர் அப்பெயரைச் சொல்லி நீர் வார்க்கும்போது, உண்மை அறிந்த ஒருத்தி மெழுகுதிரியோடு அங்கே நிற்பது எங்ஙனம்? தாங்கள் இருக்கும்வரை என்றே வாக்குக் கேட்டீர்கள். அவ்வாக்கை நான் காத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் அவரது வீட்டுக்குச் செல்கிறேன். இதற்குத் தங்கள் அனுமதியை நான் கேட்கவில்லை. வேறொன்றையே கேட்கிறேன். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவள் நான். இதைத் தொடங்க ஒரு சொல்லும் அகப்படவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்து நிற்பவர்களுக்கு இத்தகைய செய்தியைத் தாங்கள் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். முதலில் அவரை அமரச் சொல்வதா? கையைப் பிடித்துக்கொள்வதா? கணவரின் பெயரை முதலில் சொல்வதா, தங்கள் பெயரையா?

தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன் வேண்டும்.