அடிவாரத்துக்கு ஒரு டோலி

கோபே, ஜப்பான்
மார்ச் 1936

அக்கா பொன்னாயிக்கு, கடல் கடந்த சக்கரவர்த்தி, உன் தம்பி அர்த்தனாரி தண்டனிட்டு எழுதுவது. சுகம். உன் மூட்டுவலியும் மிளகுக்கொடியும் எப்படி?

சின்ன முதலாளி சைக்கிளில் நாடு பார்க்கக் கிளம்பினார், சமையலுக்கு நான். என் சைக்கிளில் கூடாரமும் அண்டாவும். யானையே கண்ணீர் விடும் சுமை. மேகத்துக்கு முதுகு சொறியும் மலை ஒன்று வந்தது. நம் கொல்லிமலையில் சாமி எல்லைக்குள் செருப்போடு போவோமா? வழக்கம்போல பூட்ஸைக் கழற்றிக் கும்பிட்டேன்.

"உங்க சாமிக்குக் காணிக்கை வேண்டாமாடா?" என்று அவர் என் பூட்ஸைப் பள்ளத்தில் வீசினார்.

"பனி கொட்டுதுங்க, சாமி."

"மலைக்காரனுக்கு ஏதுடா குளிரு? மிதி!"

வெறுங்காலோடு பொழுது சாயும்வரை மிதித்தேன். அவர் கூடாரத்துக்குள் கம்பளியில் தூங்கினார்; நான் வெளியே பனிக்குக் காவல். இடது கால் விரல்கள் கரிக்கட்டையாகி, வைத்தியர் ஐந்தையும் எடுத்துவிட்டார். இனி கால் நகம் வெட்டுகிற வேலை பாதிதான்.

அம்மாவிடம் சொல்லாதே. நொண்டிச் சமையற்காரன் வேண்டாமாம், ஆடியில் வருவேன். அதுவரைக்கும் கொஞ்சம் மிளகு அனுப்பு. இங்கே சோற்றில் காரமில்லை, பேச ஆளுமில்லை.

தபால் மூட்டையைக் கட்டுகிறார்கள். நான் வரும் நாளில் அடிவாரத்துக்கு ஒரு டோலி அனுப்பு. சக்கரவர்த்திகள் மலைமேல் நடந்து ஏறுவதில்லை என்று ஊரில் சொல்லிவை.

தம்பி
அர்த்தனாரி